பழவேற்காடு பக்கம் சைக்கிள் பாதை போட வேண்டுமென்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "வட சென்னையைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு பக்கக் கிராமங்களுக்குச் சுற்றுலா வருபவர்களுக்காகச் சைக்கிள் பாதைகளைத் திட்டமிட்டு வரைபடம் போட நினைக்கிறோம். எப்படி ஆரம்பிப்பது?"

நான் தண்டையார்பேட்டையில் இருப்பவன். விடுமுறை நாள் விடிந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வடக்கே போவது என் வழக்கம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாதையைச் சென்னையிலிருந்து தொடங்காதீர்கள். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து தொடங்குங்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

காரணம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எண்ணூர் விரைவுச்சாலை, மணலி, டி.பி.பி. ரோடு (திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை) என்று எந்த வழியாக வடக்கே போனாலும் துறைமுகங்களுக்குப் போகும் கண்டெய்னர் லாரிகளோடுதான் போக வேண்டும். சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி மூன்றுக்கும் சரக்கு இந்தச் சாலைகளில்தான் ஓடுகிறது. நாற்பது அடி கண்டெய்னரை இழுத்துப் போகும் டிரெய்லரின் இடப்பக்கம் சைக்கிள் வந்தால் டிரைவருக்குத் தெரியாது. திரும்பும்போது பின் சக்கரங்கள் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இங்கே வேலைக்குப் போகிறவர்கள் வேறு வழியில்லாமல் தினமும் அதில் சைக்கிள் மிதிக்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தடம் கேட்டுப் போராட வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் சுற்றுலா வரைபடம் என்று ஒன்றை அச்சடித்து, ஊர் தெரியாதவரை அந்தச் சாலைக்குள் அனுப்பக்கூடாது.

சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் தடத்தைப் பாருங்கள். எண்ணூர், அத்திப்பட்டு, நந்தியம்பாக்கம், மீஞ்சூர், அனுப்பம்பட்டு, பொன்னேரி, கவரைப்பேட்டை என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இவற்றில் மீஞ்சூரையும் பொன்னேரியையும் இரண்டு வாசல்களாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளோடு வருகிறவர் லக்கேஜ் சீட்டு பற்றி ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு, கூட்டமில்லாத அதிகாலை வண்டியில் வெண்டர் பெட்டியில் ஏறட்டும். அதைவிட நல்லது, பொன்னேரி ஸ்டேஷன் பக்கத்தில் உள்ளூர்க்காரர் ஒருவர் வாடகை சைக்கிள் கடை வைப்பது. ஒரு காலத்தில் எங்கள் தெருவுக்குத் தெரு மணி வாடகைக்கு சைக்கிள் கிடைத்தது. அந்தத் தொழிலைத் திரும்பக் கொண்டுவர இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. உங்கள் திட்டத்தில் பணம் போடுவதாக இருந்தால் முதல் ரூபாயை இதில் போடுங்கள்.

இப்போது பாதை. நான் முதலில் போடச் சொல்வது ஒரே ஒரு வட்டம்: பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு, அங்கிருந்து காட்டூர் வழியாக மீஞ்சூர். மொத்தம் 40, 45 கிலோமீட்டருக்குள் அடங்கும். பழக்கமில்லாதவரும் நின்று நின்று போனால் ஒரு நாளில் முடிக்கலாம். பொன்னேரியில் ஆரணி ஆற்றங்கரை ஊரின் பழமை, அகத்தீசுவரர் கோயில், கரிகிருஷ்ணப் பெருமாள் கோயில். சித்திரையில் இந்த இரண்டு சாமிகளும் சந்திக்கும் திருவிழாவுக்கு ஊரே திரளும். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டையின் மிச்சம், புதர் மண்டிக் கிடக்கிறது. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறை பராமரிப்பில் இருக்கிறது. அதன் வாசலில் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். கல்லறைப் பலகைகளில் கப்பலும் பூவேலைப்பாடும் டச்சு எழுத்துமாகச் செதுக்கியதை வெயில் சாய்வாக விழும் காலை நேரத்தில் பார்த்தால் ஒவ்வொரு கீறலும் தெரியும். அப்புறம் பாலம் தாண்டி லைட்ஹவுஸ் குப்பம், கடல். திரும்பும் வழியில் காட்டூர், தத்தமஞ்சி ஏரிகள். மீஞ்சூரை வட காஞ்சி என்பார்கள், ஏகாம்பரநாதரும் வரதராஜரும் அங்கேயும் இருக்கிறார்கள்.

இந்த வட்டத்தை ஏன் இந்தத் திசையில் சுற்றச் சொல்கிறேன் என்றால், காற்று. இந்தப் பக்கம் ஏற்றம் என்று ஒன்று கிடையாது. ரயில்வே மேம்பாலமும் ஏரிக்கரையும் தவிர எல்லாம் சமதரை. காலைக் களைக்க வைப்பது காற்றுதான். பழவேற்காட்டு ஏரிக்குப் பறவைகள் வரும் மார்கழி, தை மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசும். காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது அதற்கு எதிராகப் பழவேற்காடு போய்விட்டால், மத்தியானத்துக்கு மேல் தென்மேற்காக மீஞ்சூருக்குத் திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும். தலைகீழாகச் சுற்றினால் களைத்த நேரத்தில் எதிர்க்காற்றில் மிதிக்க வேண்டிவரும். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு இதைச் சொல்லிவிடுங்கள். சித்திரை முதல் ஆனி வரை இந்த வட்டத்தையே பரிந்துரைக்காதீர்கள், நிழல் போதாது.

அடுத்து, சாலைகளை எப்படித் தேர்ந்தெடுப்பது? கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. இரண்டையும் முடிந்தவரை குறுக்கே கடப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். ஆரஞ்சு நிறக் கல் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை. உங்களுக்கு வேண்டியது அது. அதற்கும் கீழே ஊராட்சிச் சாலைகள், வண்டிப்பாதைகள், ஏரிக்கரைகள். பழைய வண்டிப்பாதை எங்கே போகிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் கிராம வரைபடத்தில் தெரியும். இன்று முள் மண்டிக் கிடந்தாலும் அது புறம்போக்கு, பொதுவழி. பக்கத்திலேயே ஒற்றையடிப்பாதை வசதியாக இருக்கிறதே என்று யாருடைய பட்டா வரப்பிலும் கோடு போட்டுவிடாதீர்கள். முதல் கூட்டம் வந்து நாற்றை மிதித்த அன்றே ஊருக்கும் உங்களுக்கும் சண்டை வரும்.

ஏரிக்கரை இந்தப் பகுதியின் மிக அழகான பாதை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் நெல், கரையில் பனை. ஆனால் அனுமதி கேட்க வேண்டிய இடம் ஏரிக்கு ஏரி மாறும். ஆயக்கட்டு, அதாவது அந்த ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறும் கலங்கல் எங்கே இருக்கிறது என்று கட்டாயம் குறியுங்கள். ஏரி நிரம்பி மறுகால் போனால் அந்த இடத்தைக் கடக்க முடியாது. ஆரணி ஆறு, கொசஸ்தலை ஆறு இரண்டின் தரைப்பாலங்களும் அப்படித்தான். ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கும் இடம் ஒவ்வொன்றையும் தனி நிறத்தில் காட்டுங்கள்.

ஒவ்வொரு சாலையையும் நேரில் மிதித்துப் பார்க்க வேண்டும், அதுவும் ஞாயிறு காலையில் மட்டும் போதாது. ஞாயிறு ஆறு மணிக்கு அமைதியாக இருக்கும் சாலையில் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மண் லாரி வரிசையாக ஓடும். டீக்கடையில் கேளுங்கள். "அண்ணே, இந்த ரோட்டுல லாரி எத்தனை மணிக்கு மேல வரும்?" என்றால் எந்தக் கருவியும் சொல்லாத விவரம் கிடைக்கும். தை, மாசி அறுவடையில் பாதிச் சாலையில் நெல்லைக் காயவைத்திருப்பார்கள். காலால் ஒருவர் தள்ளிக்கொண்டே நடப்பார், ஓரத்தில் கல்லும் கட்டையும் வரிசையாக வைத்திருக்கும். அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள் என்று வரைபடத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். ஒரு வருடத்து உழைப்பு அது.

இன்னொன்று, சீமைக்கருவேல முள். கரையோரம் வெட்டிப் போட்டிருப்பார்கள், காய்ந்த பிறகு அது ஆணிக்குச் சமம். தார்ச்சாலையின் விளிம்பில் ஒதுங்கினாலே போதும், பஞ்சர். ஊர்ப் பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வரும் இடத்தை விரலால் பிடித்துக்கொண்டு, முள்ளின் முனை டயருக்குள் ஒடிந்து கிடக்கிறதா என்று உள்பக்கத்தைத் தடவித் தடவிப் பார்ப்பார். அதை எடுக்காமல் மாட்டினால் அடுத்த கிலோமீட்டரில் மறுபடியும் காற்று போகும். ஆனால் அவர் கடையில் இருப்பது பெரும்பாலும் பழைய மாடல் சைக்கிளுக்கான டியூபும் பம்பும்தான். பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வு போட்ட கியர் சைக்கிளுக்குக் காற்றடிக்கச் சின்னதாக ஒரு பித்தளை அடாப்டர் வேண்டும். வழியில் உள்ள ஒவ்வொரு பஞ்சர் கடைக்கும் நீங்களே சில அடாப்டர்களும் கியர் சைக்கிளுக்கான 700சி அளவு டியூபுகளும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடைகளை வரைபடத்தில் போடுங்கள். செலவு மிகக் குறைவு, நம்பி வரலாம் என்ற பேர் உடனே வந்துவிடும்.

அதேபோல் கழிப்பறை. பெண்கள் வருவார்களா மாட்டார்களா என்பதை முடிவு செய்வது ஏரியில் இறங்கும் ஃபிளமிங்கோ பறவைக் கூட்டம் கிடையாது, கழிப்பறைதான். பத்து கிலோமீட்டருக்கு ஒன்றாவது சுத்தமாக, தாழ்ப்பாளோடு இருக்க வேண்டும். பெட்ரோல் பங்க், உணவகம், கோயில் வளாகம் எதுவாக இருந்தாலும் நேரில் பார்த்துவிட்டுக் குறியுங்கள். முடிந்தால் உங்கள் குழுவில் உள்ள பெண் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும்.

வரைபடத்தை எதில் போடுவது என்றால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004-இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம், இலவசம். கூகுள் மேப்ஸின் மோட்டார் பைக் வழி சீக்கிரம் போய்ச் சேரும் சாலையைத்தான் பெரும்பாலும் காட்டும். சைக்கிள்காரருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒவ்வொரு துண்டுச் சாலைக்கும் மேற்பரப்பு தாரா, சிமென்டா, மண்ணா, எவ்வளவு மேடுபள்ளம் என்று தனித்தனியாகப் பதியலாம். பல சாலைத் துண்டுகளைச் சேர்த்து ஒரே சைக்கிள் பாதையாகக் கட்டி, அதற்குப் பெயரும் வைக்கலாம். தமிழ்ப் பெயருக்குத் தனி இடம் உண்டு, அதை விடாமல் நிரப்புங்கள். ஊர்க்காரர் சொல்லும் பெயரையே போடுங்கள். அப்புறம் ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்ம்அண்ட் போன்ற செயலிகளில் சிக்னல் இல்லாத இடத்திலும் உங்கள் பாதை தெரியும். நீங்கள் போன வழியைப் போனில் பதிவு செய்த ஜிபிஎக்ஸ் கோப்பையும் இலவசமாகக் கொடுங்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதிகளைத் தளர்த்திய பிறகு இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. இருந்தாலும் துறைமுகம், அனல் மின் நிலையம் இவற்றின் உட்பகுதிகளை வரையப் போகாதீர்கள், வேண்டாத வேலை.

வழிகாட்டிப் பலகைக்குப் பெல்ஜியத்தில் ஒரு நல்ல முறை இருக்கிறது. அங்கே லிம்பர்க் மாகாணத்தில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன பிறகு, ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளரின் யோசனையில் 1995-இல் எண் போட்ட சைக்கிள் பாதைகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு எண், அவ்வளவுதான். 4, 7, 12 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டால் யாரையும் கேட்காமல் சுற்றலாம். களைத்தவர் நடுவில் வேறு எண்ணுக்குத் திரும்பிச் சுருக்கிக்கொள்ளலாம். நெதர்லாந்தும் பிறகு அதே முறையை எடுத்துக்கொண்டது. நமக்கு விலையுயர்ந்த பலகை வேண்டாம். சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில், ஊராட்சி அனுமதியோடு, பெயிண்டில் எண் எழுதினால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஊர் சம்மதிக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு கிராம சபைகள் நடக்கின்றன. அதில் வைத்துப் பேசுங்கள். சைக்கிளில் வருகிறவரால் மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது, அதனால் பசிக்கும் தாகத்துக்கும் உள்ளூரிலேயே வாங்கியாக வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லுங்கள். பாதையையும் அதற்குத் தகுந்தபடி ஊர்த் தெரு வழியாகவே விடுங்கள், புறவழியாக வேண்டாம். மீன் குழம்புச் சாப்பாடு போடுகிற வீடு, பனையோலைப் பொருள் பின்னுகிற பெண்கள், இளநீர்க்காரர் இவர்களுக்கு வருமானம் வரவில்லை என்றால் அந்தப் பாதையால் என்ன பயன்? பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கும் அதே சாலைதான். அவர்கள் தடுமாறும் குழியை முதலில் அடைக்கச் சொல்லுங்கள்.

குப்பங்களில் ஊராட்சித் தலைவரோடு மீனவர் ஊர்ப் பஞ்சாயத்தையும் தனியாகப் பாருங்கள். பழவேற்காட்டு ஏரியில் யார் எங்கே என்றைக்கு வலை போடுவது என்பதைப் பாடு முறையில் அவர்களே பிரித்துக்கொள்கிறார்கள். கரையில் காயும் வலை மேல் சைக்கிள் ஏற்றுவதும், கேட்காமல் படம் எடுப்பதும் அங்கே நடக்கவே கூடாது. படகுச் சவாரியை உங்கள் திட்டத்தில் சேர்க்காதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று சுற்றிப்பார்க்கப் போன குடும்பத்தினர் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதன்பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை. கரையிலிருந்தே பறவை பார்க்கத் தொலைநோக்கி இரண்டு வாங்கி வாடகைக்கு விடுங்கள். பறவைகள் இறங்கும் இடத்தைப் புள்ளி வைத்துக் குறிக்கவும் வேண்டாம், கூட்டம் போய் நின்றால் அவை வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

எண்ணூரை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்பீர்கள். கழிமுகமும் பக்கிங்ஹாம் கால்வாயும் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த ஆறும் எல்லோரும் பார்க்க வேண்டியவைதான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது கறுத்துப்போன படகுகளைப் பார்த்த யாரும் அதை மறக்க மாட்டார்கள். அதை உள்ளூர் மீனவர் ஒருவர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டும் சிறு நடைப்பயணமாக, எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து தனியாக வையுங்கள். வழிகாட்டுகிறவருக்கு நாள் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் வட்டத்தை ஒருமுறை முழுதாக மிதித்துப் பார்த்துவிட்டுத் தேதி போட்டு மறுபடி வெளியிடுங்கள். மார்கழி பிறப்பதற்குள் அந்த வேலை முடிந்திருந்தால் அந்தப் பருவத்துக்கே பயன்படும்.