401(கே) திட்டத்தில் காப்பீட்டு நிறுவனம் புரோக்கருக்குக் கொடுத்த கமிஷனை 5500 ஃபார்மில் நாம் ஏன் காட்ட வேண்டும்? எங்கள் கம்பெனி பணம் கொடுக்கவில்லையே?

காட்டத்தான் வேண்டும். 5500 என்பது 401(கே) போன்ற ஊழியர் ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டங்களுக்காக அமெரிக்க அரசுக்கு வருடா வருடம் கொடுக்கும் அறிக்கை. பணம் யார் கையிலிருந்து போனது என்று அந்த ஃபார்ம் கேட்கவே இல்லை.

நீங்கள் அமெரிக்காவில் ஒரு நடுத்தரக் கம்பெனியில் எச்.ஆர். அல்லது கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், இந்த வேலை இந்த வருடம்தான் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது, தாக்கல் செய்யக் கடைசி நாளான ஜூலை 31 நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நியூஜெர்சியில் ஒரு இயந்திர உதிரிபாகக் கம்பெனியில் பதினொரு வருடம் இதே வேலையைப் பார்த்தவள் நான். "நம் பணம் இல்லையே" என்ற இதே வார்த்தையை ஒரு புரோக்கர் என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கடந்து போக முடியவில்லை.

எங்கள் 401(கே) பணம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் குரூப் ஆன்யுட்டி கான்ட்ராக்டில், அதாவது ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் போட்ட ஒரே ஓய்வூதிய ஒப்பந்தத்தில், இருந்தது. ஏறக்குறைய 140 பேர். நூறைத் தாண்டியதால் பெரிய திட்டம், அதனால் முழு 5500, கூடவே காப்பீட்டு ஒப்பந்த விவரங்களைக் காட்டும் இணைப்பான ஷெட்யூல் ஏ. எனக்கு முன்னால் இதைப் பார்த்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புரோக்கர் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார். கமிஷன் 18,400 டாலர், மற்ற கட்டணங்கள் சைபர். "போன வருடமும் இப்படித்தான், அப்படியே போட்டுவிடுங்கள்" என்றார்.

திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் மூன்று வருடம் வவுச்சர் சரிபார்த்தவள் நான். மூலக் காகிதத்தைப் பார்க்காமல் ஒரு எண்ணை எடுத்து எழுத எனக்குக் கை வராது. காப்பீட்டு நிறுவனத்துக்கே நேராக எழுதிக் கேட்டேன். இரண்டு பக்கத்தில் கடிதம் வந்தது. முதல் பக்கத்தில் கமிஷன் 17,150 டாலர். இரண்டாம் பக்கத்தில் கூடுதல் ஊதியம் என்று 6,250 டாலர்.

முதல் வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. எங்கள் திட்ட வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரை, கான்ட்ராக்ட் வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை. திட்ட வருடத்துக்குள் முடியும் கான்ட்ராக்ட் வருடத்தின் கணக்கைத்தான் காப்பீட்டு நிறுவனம் கொடுத்திருந்தது, அதுதான் முறை. புரோக்கர் தன் வங்கிக் கணக்கைப் பார்த்துக் காலண்டர் வருடத்துக்குக் கூட்டியிருந்தார். அதில் எனக்குக் குறை இல்லை.

இரண்டாம் பக்கம்தான் விஷயம். அந்தப் புரோக்கர் கொண்டுவந்த வாடிக்கையாளர்கள் யாரும் விட்டுப்போகாமல் நீடித்ததற்காக அவருக்கு வருடக் கடைசியில் ஒரு போனஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில் எங்கள் திட்டத்தின் பங்கு அந்த 6,250. அவரிடம் கேட்டேன். "அது காப்பீட்டுக் கம்பெனி தன் லாபத்திலிருந்து எனக்குக் கொடுத்தது. உங்கள் ஊழியர்கள் பணத்தில் ஒரு சென்ட் கூட இல்லை, அதை எதற்கு எழுதுகிறீர்கள்?" என்றார்.

இரண்டு இரவு உட்கார்ந்து ஷெட்யூல் ஏ-யின் விளக்கக் குறிப்புகளைப் படித்தேன். கான்ட்ராக்டைக் கொண்டுவந்ததற்கோ தக்கவைத்ததற்கோ, அதன் மதிப்பை முழுதாகவோ ஓரளவாகவோ கணக்கில் வைத்துக் கொடுத்தது எதுவாக இருந்தாலும் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. போனஸ் மட்டுமில்லை, பரிசு, சுற்றுலா, கப்பல் பயணம், கார் லீஸ் வரைக்கும் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். இது புதிதாக முளைத்த விதியும் இல்லை. 2004 அக்டோபரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர் இந்த மாதிரிக் கூடுதல் கமிஷன் விவகாரத்தில்தான் மார்ஷ் என்ற காப்பீட்டுப் புரோக்கர் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார். 2005 ஜனவரியில் 85 கோடி டாலருக்கு அது சமரசமாக முடிந்தது. அடுத்த மாதமே அமெரிக்கத் தொழிலாளர் துறை 2005-02ஏ என்ற கருத்துரையில் ஷெட்யூல் ஏ-யில் இவற்றைக் காட்ட வேண்டும் என்று தெளிவாக்கிவிட்டது.

நான் ஒத்துக்கொள்ளவில்லை என்றதும் புரோக்கர் எங்கள் முதலாளிக்கு ஃபோன் போட்டார். இருவரும் இருபது வருடப் பழக்கம். முதலாளி என் மேஜைக்கே வந்து, "ஒரு எண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் தேவையா?" என்று கேட்டார். நான் கையெழுத்துப் பகுதியைத் திறந்து காட்டினேன். படித்துப் பார்த்து, உண்மை என்று உறுதி சொல்கிறேன், பொய் என்றால் அதற்குரிய தண்டனைக்கு உட்பட்டு என்று இருக்கும். "இதில் புரோக்கர் பெயர் இல்லை சார், உங்கள் பெயர்தான் இருக்கிறது" என்றேன். அவர் நின்றபடியே அதை முழுக்கப் படித்தார். அப்புறம் கூடுதல் அவகாசம் கேட்கும் 5558 ஃபார்மைப் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கினோம், புரோக்கரின் எதிர்ப்புக்கு எழுத்தில் பதில் சொல்லிவிட்டு ஆகஸ்டில் 6,250-யும் சேர்த்தே தாக்கல் செய்தோம். அடுத்த வசந்தத்தில் முதலாளியே அந்த இரண்டாம் பக்கத்தை வைத்துக்கொண்டு மூன்று இடங்களில் விலை கேட்டார். எங்கள் ஊழியர்களின் கணக்கில் வருடா வருடம் பிடித்துக்கொண்டிருந்த சதவீதம் குறைந்தது. லோடிங் பகுதியில் பெட்டி தூக்குகிறவருக்கும் சேர்த்துத்தான் குறைந்தது. இந்தக் கட்டத்தை ஏன் நிரப்புகிறோம் என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் அதுதான்.

புரோக்கர்கள் எல்லோரும் திருடர்கள் என்று நான் சொல்வதாக யாராவது கமெண்டில் வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. கமிஷன் வாங்குவது சட்டப்படி சரி. அந்தப் போனஸும் சரிதான். மறைப்பதுதான் தப்பு. நான் வக்கீல் இல்லை, சிபிஏ-வும் (இங்கே உரிமம் பெற்ற கணக்காளர்) இல்லை என்பதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

சிபிஏ இல்லை என்று எழுதும்போது இன்றைக்கும் வலிக்கிறது. என் மூன்று வருட பி.காம். இங்கே முழு டிகிரியாகக் கணக்கில் வரவில்லை. 150 கிரெடிட் வேண்டும், மறுபடி படி என்றார்கள். அப்போது கையில் இரண்டு சின்னக் குழந்தைகள். எனக்குக் கீழே பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் சிபிஏ ஆகி, என் வேலையையே மேற்பார்வை பார்க்க வந்தார்கள். தமிழ்ச் சங்கத்தில் யாராவது வேலையைக் கேட்டுச் சொன்னால், "ஓ, ஃபார்ம் நிரப்புகிற வேலையா?" என்பார்கள். 140 குடும்பத்தின் ஓய்வுக்காலப் பணம் அந்த ஃபார்முக்குப் பின்னால் இருக்கிறது என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஷெட்யூல் ஏ-யில் 2(ஏ) மொத்தக் கமிஷன், 2(பி) மொத்தக் கட்டணம். வழக்கமான கமிஷனும் போனஸும் ஒரே கட்டத்தில் போகாது. வரி 3-இல் வாங்கியவர் ஒவ்வொருவரின் பெயர், முகவரி, தொகை, எதற்காக என்ற விவரம். காப்பீட்டு ஏஜென்ட் அல்லது புரோக்கர் என்றால் குறியீடு 3. இங்கே காட்டியதை, சேவை தருபவர்களுக்குப் போன பணத்தைக் காட்டும் ஷெட்யூல் சி-யில் மறுபடி காட்ட வேண்டியதில்லை. உங்களுடையது சின்னத் திட்டமாக இருந்து 5500-எஸ்எஃப் என்ற சுருக்க ஃபார்மைப் போடுகிறீர்கள் என்றால் ஷெட்யூல் ஏ கிடையாது, ஆனால் அதிலும் 10(இ) வரியில் இதே தொகையைக் கேட்பார்கள்.

திட்ட வருடம் முடிந்து 120 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனம் இந்த விவரத்தைக் கொடுத்தாக வேண்டும், ஊழியர் ஓய்வுக்காலத் திட்டங்களுக்கான எரிசா சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டும் தரவில்லை என்றால் ஷெட்யூல் ஏ-யின் நான்காம் பகுதியில் அதைச் சொல்ல இடம் உண்டு. எதைத் தரவில்லை என்று அங்கே எழுதுங்கள், கேட்ட மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள்.

புரோக்கர் அனுப்பிய ஷீட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, நாளைக்கே காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் கேளுங்கள். வந்ததும் எத்தனை பக்கம் என்று முதலில் எண்ணுங்கள்.