உள்ளூர் மாடும் வானத்துக் கோளும்

கேள்வி: அமெரிக்காவில் என் மகன் மாதச் சந்தா கட்டி காரில் செயற்கைக்கோள் வானொலி கேட்கிறான். ஊர் விட்டு ஊர் போனாலும் அதே நிலையம், கரகரப்பே கிடையாது. இது இங்கேயும் வந்துவிட்டால் நம் உள்ளூர் நிலையங்கள் எப்படித் தாக்குப்பிடிக்கும்?
– ஒரு வாசகர், நங்கநல்லூர்

பதில்: "இங்கேயும் வந்துவிட்டால்" என்கிறீர்கள். வந்தது, பத்து வருடம் இருந்தது, போயும் விட்டது. அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்னால் கேள்வியில் போகிற போக்கில் 'உள்ளூர்' என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதை விட எனக்கு மனசில்லை.

எந்த நிலையத்தை உள்ளூர் என்கிறீர்கள்? போன வாரம் ஆட்டோவில் அலுவலகம் வரும்போது வேறு வழியில்லாமல் முக்கால் மணி நேரம் கேட்டேன். இரண்டு சினிமாப் பாட்டு, ஒரு நகைக்கடை, ஒரு சினிமாப் பாட்டு, இரண்டு நகைக்கடை, நடுவில் யாரோ ஒரு பெண்ணுக்குப் போன் போட்டு, கடன்காரன் மாதிரி மிரட்டி, அவர் அழப்போகிற நேரத்தில் 'சும்மா' என்று சிரிப்பு. இதை அப்படியே கோவையில் போடலாம், மதுரையில் போடலாம், நகைக்கடையின் கிளையை மட்டும் மாற்றினால் போதும். சென்னை என்பது இதில் அலைவரிசை எண்ணில் மட்டும்தான் இருந்தது.

இதற்கிடையில் ஆட்டோ ஐஸ் ஹவுஸ் பக்கம் கால் மணி நேரம் நின்றுவிட்டது. காரணம் மாடு. நடுரோட்டில் படுத்து, அசை போட்டுக்கொண்டு, ஹாரனையெல்லாம் பின்னணி இசையாக எடுத்துக்கொண்டு இருந்தது. அதே நேரம் ஸ்பீக்கரில் ஒரு உற்சாகக் குரல், "கத்திப்பாராவில் வாகனங்கள் மெதுவாக நகர்கின்றன" என்கிறது. கத்திப்பாராவில் வாகனங்கள் வேகமாக நகர்ந்தால் சொல்லுங்கள் ஐயா, அதுதான் தகவல். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "இவங்களுக்கு மாடு தெரியாது சார்" என்றார். இந்த விவகாரத்தில் எனக்குச் சொல்ல இருப்பதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் பக்கத்தை நிரப்ப வேண்டியவன், அதனால் தொடர்கிறேன்.

உள்ளூர் மாடு விலைபோகாது என்று பழமொழி. வானொலிக்கு மட்டும் அது நேர்மாறு, அங்கே விலைபோகக்கூடிய ஒரே சரக்கு உள்ளூர் மாடுதான். யோசித்துப் பாருங்கள், காலை எட்டு மணிக்கு ஒரு மாட்டு அறிக்கை: "திருவல்லிக்கேணி பெரிய தெருவில் இரண்டு, ஒன்று நிற்கிறது, ஒன்று படுத்திருக்கிறது. கோவிலுக்குப் போகிறவர்கள் வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்துக்கொள்ளவும். அரும்பாக்கத்தில் ஒன்று கன்றுடன் இருக்கிறது, தள்ளிப்போகவும். மயிலாப்பூர் மாட வீதியில் வழக்கமான காளை இன்று வரவில்லை, நலம் விரும்பிகள் கவலைப்பட வேண்டாம், தெற்கு மாட வீதியில் பார்த்ததாக ஒரு நேயர் சொல்கிறார்." சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை, இந்த ஊரில் மாடு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். பூமிக்கு முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் மேலே நிற்கும் கோளுக்கு உலகமே தெரியும், பெரிய தெரு மாடு தெரியாது. அது தெரிந்த நிலையத்தை எந்தக் கோளும் ஒன்றும் செய்ய முடியாது.

(எங்கள் பிழை திருத்துபவர் இந்த இடத்தில் பென்சிலோடு வந்து நிற்கிறார். நான் எஃப்.எம். என்று எழுதப் போவது அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். 'பண்பலை' என்று போட வேண்டுமாம். ஏழு வருடச் சண்டை இது. ஆட்டோக்காரரிடம் பண்பலையை வையுங்கள் என்று சொல்லி, அவர் வைத்தால் நான் மாற்றிக்கொள்கிறேன் என்று சவால் விட்டேன். அவர் பஸ்ஸில் வருகிறவர்.)

சரி, வந்து போன கதை. வேர்ல்டுஸ்பேஸ் என்று ஒரு கம்பெனி, ஆசியாஸ்டார் என்ற செயற்கைக்கோளை 2000 மார்ச்சில் ஏற்றியது. தனி ரேடியோ பெட்டி, தனிச் சந்தா. ஏ.ஆர். ரஹ்மான்தான் இங்கே விளம்பர முகம். கர்நாடக சங்கீதத்துக்கென்றே 'ஸ்ருதி' என்று நாள் முழுக்க ஒரு சேனல். மயிலாப்பூரில் அது ஏறக்குறைய பூஜைச் சாமான்.

அந்தக் கோள் நின்றது கிழக்கே, 105 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே. அதனால் பெட்டியோடு வந்த தட்டை ஆன்டெனாவைக் கிழக்கும் கொஞ்சம் தெற்குமாகத் திருப்பி வைக்க வேண்டும், நடுவில் ஒன்றும் மறைக்கக் கூடாது. வாஸ்து பார்த்துக் கிழக்கு வாசல் வீடு வாங்கியவர்கள் முதல்முறையாகப் பலன் கண்டார்கள். என் வீடு மேற்கு பார்த்தது. பின்பக்க ஜன்னலில் ஆன்டெனாவை வைத்து, ஒரு மாதிரி அசையாமல் நிறுத்தி, தோடி ஆலாபனை சூடு பிடிக்கிற நேரத்தில், பக்கத்துக் குடியிருப்பு மாமி கொடியில் ஒன்பது கஜம் உலர்த்துவார். ஈரப் புடவை. தோடி நின்றுவிடும். "மாமி, கொஞ்சம் தள்ளிப் போடுங்கோளேன், சிக்னல் மறைக்கிறது" என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என் மனைவியிடம் போய், "உங்காத்துக்காரர் என் புடவையைப் பார்த்துண்டு ஜன்னல்லயே நிக்கறாரே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கே பெட்டி பரணுக்குப் போயிற்று.

அமெரிக்காவில் உங்கள் மகனுக்கு இந்தச் சங்கடம் இல்லாததற்குக் காரணம், அங்கே பெரிய கட்டடங்கள் மறைக்கும் நகரங்களில் கோளின் அலையை வாங்கித் தரையிலிருந்து மறுபடி அனுப்பும் கம்பங்களை நட்டார்கள். காரில் கரகரப்பில்லாமல் கேட்பது அதனால்தான். இங்கே அது நடக்கவில்லை, ஆகவே காருக்குள் அது ஏறவும் இல்லை. அப்படியும் நாலு லட்சம் பேருக்கு மேல் சந்தா கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 2008இல் தாய்க் கம்பெனி அமெரிக்காவில் திவால் மனு போட்டது, 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு இந்தியாவில் சத்தம் நின்றது. நம் எஃப்.எம். நிலையங்கள் அதை ஜெயித்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதிராளி மூச்சுவாங்கித் தானே விழுந்தான், இவர்கள் கோதாவுக்கே வரவில்லை.

அமெரிக்காவிலும் வானம் மட்டும் போதவில்லை என்பதுதான் வேடிக்கை. அங்கே எக்ஸ்.எம்., சிரியஸ் என்று இரண்டு கம்பெனிகள், இரண்டும் நஷ்டத்தில் ஓடி, 2008இல் ஒன்றாகி, இப்போது 3 கோடிக்கு மேல் சந்தாதாரர்கள். இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள்? புதுக் காரிலேயே பெட்டியைப் பொருத்தி விற்றார்கள், அது ஒன்று. இன்னொன்று, சிரியஸ் கம்பெனி ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற வாயாடியை சாதாரண வானொலியிலிருந்து, ஐந்து வருடத்துக்குச் சுமார் 50 கோடி டாலர் என்று பேசி இழுத்துக்கொண்டு போயிற்று. 2006 ஜனவரியில் அவர் அங்கே மைக் பிடித்தார். கோளை ஏற்றியவனும் கடைசியில் தேடி அலைந்தது மைக்குக்கு முன்னால் உட்கார ஒரு ஆளை. எக்ஸ்.எம். அதற்கு முன்பே, 2004இல், பெரிய நகரங்களுக்குத் தனித்தனியாகப் போக்குவரத்து, வானிலை சேனல்கள் தொடங்கியது. உள்ளூர் ஒலிபரப்பாளர் சங்கம் 'அது எங்கள் பேட்டை' என்று அரசு ஆணையத்திடம் புகார் கொடுத்தது. கவனித்தீர்களா, பாட்டு போனபோது பதறியதைவிட, டிராஃபிக் அறிவிப்பு போகிறது என்றதும்தான் அவர்களுக்கு அடிவயிறு கலங்கியது.

நம் ஊரில் வானொலி தொடங்கியதே உள்ளூர் விஷயமாகத்தான். 1924இல் சென்னையில் ஒரு ரேடியோ கிளப், கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சி. காசில்லாமல் அது மூடியபின் டிரான்ஸ்மிட்டரை மாநகராட்சி வாங்கிக்கொண்டு 1930இல் தானே ஒலிபரப்பியது. குப்பை அள்ளுகிற அதே மாநகராட்சி! பூங்காவிலும் கடற்கரையிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்கள் கேட்டார்கள். 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலி வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பும் 1977இல் இதே சென்னையில்தான். இவ்வளவு பழைய ஊர்.

'ஆனால் எங்களுக்குச் செய்தி சொல்ல அனுமதி இல்லையே' என்று தனியார் நிலையத்துக்காரர்கள் மூக்கால் அழுவார்கள். பாதி உண்மை. சொந்தச் செய்தி கூடாது, ஆகாசவாணியின் செய்தியை அப்படியே எடுத்துப் போடலாம் என்பதுதான் சட்டம், அது அபத்தம், நானும் பல தடவை இதே பக்கத்தில் திட்டியிருக்கிறேன். ஆனால் 2011 கொள்கையைப் படித்துப் பார்த்தால் போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, உள்ளூர் விளையாட்டு வர்ணனை, நிர்வாகம் தரும் மின்சார, குடிநீர்த் தகவல், இயற்கைச் சீற்ற எச்சரிக்கை எல்லாம் செய்தியே அல்ல, தாராளமாகச் சொல்லலாம் என்று இருக்கிறது. மாதாந்திரப் பராமரிப்புக்கு உங்கள் தெருவில் என்றைக்கு 9 மணி முதல் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்பதை எந்தச் செயற்கைக்கோள் சொல்லும்? செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி என்பது 2015க்கு அப்புறம் இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். நவம்பர், டிசம்பரில் தினமும் காலை பாட்டுக்கு முன்னால் 'இன்று இத்தனை அடி' என்று ஒரு வரி சொல்ல எந்தச் சட்டம் தடுக்கிறது? தடுப்பது சட்டம் இல்லை. தெருவில் இறங்கி விசாரிக்க நாலு ஆளுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அது.

1878இல் தொடங்கிய தி இந்து பத்திரிகையே 2015 டிசம்பர் 2 அன்று வெள்ளத்தால் சென்னையில் அச்சாகவில்லை. அச்சுக்காரனாக எனக்கு அது வயிற்றைப் பிசையும் தேதி. பேப்பர் இல்லை, கரண்ட் இல்லை, செல்போன் டவர் இல்லை என்றால் மிச்சம் இருப்பது பேட்டரி ரேடியோ ஒன்றுதான். அடுத்த வருடம் வர்தா புயல். டிசம்பர் 12, சாயங்காலம், என் தெருவில் ஏழு மரம் சாய்ந்து கிடக்கிறது, வாசல் கதவைத் திறக்க முடியவில்லை. டார்ச் பேட்டரியை எடுத்து ரேடியோவில் போட்டுத் திருப்பினால் ஒரு நிலையத்தில் (பெயர் வேண்டாம், அவர்களுக்கே தெரியும்) முன்பே பதிவு செய்த நிகழ்ச்சி ஓடுகிறது: "லாங் டிரைவ் போகும்போது கேட்க அஞ்சு பாட்டு." அந்தக் குரல் அன்றைக்கு எந்த ஊரில் உட்கார்ந்திருந்ததோ. இதே நிலையம்தான் பிற்பாடு ஒரு நாள் என்னைப் பேட்டிக்குக் கூப்பிட்டு, பத்திரிகை பற்றிக் கேட்கப் போகிறார்கள் என்று நான் குறிப்பெல்லாம் எடுத்துப் போனால், "சார், உங்களுக்குப் பிடிச்ச கலர் என்ன?" என்று கேட்டது. ஊதா என்றேன். அதற்கு ஏன் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இன்றைக்கு நிஜமான எதிராளி உங்கள் மகனின் கோளும் அல்ல, கையில் இருக்கும் போன். பாட்டுதான் வேண்டும் என்றால் அதில் இல்லாத பாட்டு கிடையாது, நடுவில் நகைக்கடையும் கம்மி. போனிலேயே எஃப்.எம். கேட்கலாம் என்றால், வயர் இயர்போன்தான் அதற்கு ஆன்டெனா, புதுப் போன்களில் அதைச் சொருக ஓட்டையே இல்லை. எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று 2023இல் மத்திய அரசு போன் கம்பெனிகளுக்கு அறிவுரை அனுப்பியது. அறிவுரைதானே, நானும்தான் இந்தப் பக்கத்தில் வாராவாரம் அனுப்புகிறேன்.

உங்கள் ஊரிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். அடுத்த பெருமழைக்குத் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், நீங்கள் வண்டியைத் திருப்புவதற்கு முன்னால் எந்த நிலையம் அதைச் சொன்னது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த நிலையத்துக்கு நம் பத்திரிகை ஒரு வருடம் இலவசம். கடிதத்தில் பண்பலை என்று எழுதினாலும் பிரசுரிப்பேன்.