வெறுங்கையோடு அறுத்த காலம்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் 'தி நிக்' என்ற அமெரிக்க டி.வி. தொடரைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். 1900-ஆம் ஆண்டு நியூயார்க், நிக்கர்பாக்கர் என்றொரு மருத்துவமனை, அதன் தலைமை சர்ஜன் ஜான் தாக்கரி, அவரைச் சுற்றி நர்ஸ்கள், டாக்டர்கள், ஆம்புலன்ஸ்காரர். 2014-லும் 2015-லும் சினிமாக்ஸ் சேனலில் வந்த 20 அத்தியாயங்களையும் ஸ்டீவன் சோடர்பர்க்கே இயக்கினார். ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான் என்பதால், இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை இதைப் பற்றித்தான்.

சிஸ்டர், முதல் அத்தியாயத்தில் அந்தக் கர்ப்பிணிக்கு நடக்கும் ஆபரேஷனைப் பார்க்க முடியாமல் டி.வி.யை அணைத்துவிட்டேன். பரபரப்புக்காகக் கூட்டிக் காட்டியதுதானே?

இல்லை அம்மா. குறைத்துக் காட்டியிருக்கிறார்கள் என்றுகூடச் சொல்வேன்.

அந்தப் பெண்ணுக்கு இருப்பது பிளாசென்டா பிரீவியா. நஞ்சுக்கொடி கீழே அமைந்து கர்ப்பப்பையின் வாயை மூடிக்கொள்ளும். பிரசவம் நெருங்கினால் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டும். இப்போது ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. நாள் குறித்து, ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு சிசேரியன் செய்கிறோம். 1900-இல் ஸ்கேன் இல்லை, ரத்த வங்கி இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை. ஈதர் மயக்கம் 1846-லேயே வந்துவிட்டது. வலி தெரியாமல் அறுக்கக் கற்றுக்கொண்டார்கள், அறுத்த பிறகு உயிரைப் பிடித்து வைக்கும் வழிதான் தெரியவில்லை. கையால் சுற்றும் உறிஞ்சு கருவி, மேலே படிக்கட்டு வரிசைகளில் உட்கார்ந்து பார்க்கும் கோட்டு போட்ட ஆண்கள், கீழே மேஜையில் ஒரு பெண். தாயும் போகிறாள், பிள்ளையும் போகிறது. அதைத் தாங்க முடியாமல் மூத்த சர்ஜன் தன்னையே சுட்டுக்கொள்கிறார்.

பிறகு தாக்கரியும் அவருடைய உதவியாளரும் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் வழியைக் கண்டுபிடிக்கிறார்கள். கதைக்காகச் செய்த கற்பனைதான், ஆனால் வெறும் கற்பனை இல்லை. பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்காவிட்டால் இன்றும் கர்ப்பப்பைக்குள் பலூன் வைத்து உப்பச் செய்கிறோம். அந்தப் பலூனைப் பாக்கெட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த கை என்னுடையது. அதனால்தான் அந்த முதல் காட்சியை நீங்கள் திரும்பவும் பார்க்க வேண்டும் என்கிறேன். வெற்றி பெற்ற ஆபரேஷனுக்கு டாக்டரின் பெயர் நிற்கிறது. அதற்கு முன்னால் அதே மேஜையில் இறந்தவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இந்தத் தொடர் அவர்களில் ஒருத்தியின் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கதையையே ஆரம்பிக்கிறது.

டாக்டர்கள் கையுறை இல்லாமல் வயிற்றுக்குள் கை விடுகிறார்களே! கிருமி என்று ஒன்று இருப்பதே அப்போது தெரியாதா?

நன்றாகவே தெரியும். சர்ஜன் லிஸ்டர், கிருமியைக் கொல்லும் கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதியது 1867-இல். கருவியை மருந்தில் போட்டார்கள், கையையும் மருந்தில் முக்கினார்கள். அந்த மருந்துதான் நர்ஸ்களின் கையைத் தின்றது.

கையுறை வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன். அவருடைய தியேட்டர் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டன். பாதரசக் குளோரைடு கரைசலில் கையை முக்கி முக்கி அவருக்குத் தோல் வெடித்துப் புண்ணாகிவிட்டது. வேலையை விட வேண்டிய நிலை. 1889-90 குளிர்காலத்தில் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்ய வைத்தார். 1890-இல் அவரையே திருமணமும் செய்துகொண்டார். நோயாளிக்குக் கிருமி போகக் கூடாது என்று கையுறை வரவில்லை, ஒரு நர்ஸின் கை எரியக் கூடாது என்று வந்தது. அதை ஆபரேஷன் செய்பவரே போட்டால் புண் சீழ் பிடிப்பது குறைகிறது என்று கவனித்து வழக்கமாக்கியது அவருடைய சீடர் ஜோசப் பிளட்குட், அதுவும் சில வருடங்கள் கழித்துத்தான். ஆகவே 1900-இல் வெறுங்கையோடு அறுத்தவர்கள் நிறைய பேர் இருந்தார்கள்.

ஸ்க்ரப் செய்து ஸ்க்ரப் செய்து முழங்கை வரை தோல் வறண்டு போன எந்த தியேட்டர் நர்ஸைக் கேட்டாலும், கரோலின் ஹாம்ப்டனின் பெயரைப் பாடப் புத்தகத்தில் இன்னும் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும் என்பார்.

தாக்கரி என்று நிஜமாகவே ஒருவர் இருந்தாரா? இவ்வளவு கோகெய்ன் போட்டுக்கொண்டு ஒருவரால் ஆபரேஷன் செய்ய முடியுமா?

தாக்கரி கற்பனை. ஆனால் மேலே சொன்ன ஹால்ஸ்டெட்டின் சாயல் அவரிடம் நிறைய உண்டு. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர், கோகெய்னால் கண்ணை மரத்துப்போகச் செய்யலாம் என்று காட்டினார். உடனே நியூயார்க்கில் ஹால்ஸ்டெட்டும் அவருடைய சகாக்களும் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்தார்கள். நரம்பை மரக்கச் செய்யும் முறை கிடைத்தது, பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கத்தை நிறுத்தச் சிகிச்சை என்று மார்ஃபின் கொடுத்தார்கள். மார்ஃபின் அவரை விடவே இல்லை. அவரோடு வேலை பார்த்த வில்லியம் ஆஸ்லர் இதைத் தனியாக எழுதி முத்திரையிட்டு வைத்திருந்தார். 1969-இல்தான் அது திறக்கப்பட்டது.

முதல் சீசனின் முடிவில் தாக்கரியின் கோகெய்ன் பழக்கத்துக்கு ஹெராயின் கொடுக்கிறார்களே, அதைப் பார்த்து இயக்குநரின் கற்பனை என்று நினைக்காதீர்கள். 1898 முதல் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. அமெரிக்காவில் இவற்றையெல்லாம் கட்டுப்படுத்திய ஹாரிசன் சட்டம் 1914-இல் வந்தது.

சின்னப் பெண்ணுக்குத் தாக்கரி தன் ரத்தத்தையே ஏற்றுகிறார், அவள் இறந்துவிடுகிறாள். ரத்தப் பிரிவு பார்க்காமலா ஏற்றினார்கள்?

பார்ப்பதற்குப் பிரிவு என்ற ஒன்று கையில் இல்லை. வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தை மூன்று வகையாகப் பிரித்து எழுதியது 1901-இல். நான்காவது வகையான ஏபி அடுத்த வருடம் தெரிய வந்தது. தெரிந்த பிறகும் சர்ஜன்கள் அதை உடனே பொருட்படுத்தவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. கொடுப்பவர் ரத்தத்தையும் பெறுபவர் ரத்தத்தையும் கலந்து பார்த்து ஏற்றும் வழக்கத்தை 1907-இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையில் ரூபன் ஓட்டன்பர்க் ஆரம்பித்தார்.

இன்னொரு தொல்லை, வெளியே எடுத்த ரத்தம் நிமிடங்களில் உறைந்துவிடும். அதனால் ரத்தக்குழாயோடு ரத்தக்குழாயை நேராகத் தைத்தார்கள். 1908-இல் நியூயார்க்கில் அலெக்சிஸ் காரல், ஒரு டாக்டரின் மணிக்கட்டுத் தமனியை, பிறந்து சில நாளே ஆன அவருடைய மகளின் கால் சிரையோடு தைத்து ரத்தம் ஏற்றினார். குழந்தை பிழைத்தது. எத்தனை மில்லி உள்ளே போனது என்று அளக்க வழியில்லை. குழந்தையின் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். 1914, 1915-இல் சோடியம் சிட்ரேட் கலந்தால் ரத்தம் உறையாது என்று தெரிந்தது. உடம்பைப் பாதிக்காத அளவு 0.2 சதவீதம் என்று அதே மவுண்ட் சைனாயில் ரிச்சர்ட் லூயிசான் கண்டறிந்தார். அப்புறம்தான் ரத்தத்தைப் பாட்டிலில் எடுத்து வைக்க முடிந்தது.

தியேட்டரில் ரத்தப் பை வந்ததும் ஒருவர் எண்ணைச் சத்தமாக வாசிக்க, இன்னொருவர் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். எவ்வளவு அவசரமானாலும் இதை விட மாட்டோம். புதிதாக வரும் பிள்ளைகள் "எதற்கு சிஸ்டர் ரெண்டு பேர்?" என்று கேட்டால் இனிமேல் இந்த அத்தியாயத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

தொடரில் வரும் கறுப்பின டாக்டர் எட்வர்ட்ஸை இவ்வளவு அவமானப்படுத்துவது நடந்ததா?

நடந்தது. நியூயார்க் நகராட்சி மருத்துவமனை ஒன்றில் முதல் கறுப்பின டாக்டராக லூயிஸ் ரைட் ஹார்லெம் மருத்துவமனையில் சேர்ந்தது 1919-இல், ஹார்வர்டில் படித்த பிறகு. சிகாகோவில் டேனியல் ஹேல் வில்லியம்ஸ் வேறு வழியில்லாமல் 1891-இல் பிராவிடென்ட் மருத்துவமனையை உருவாக்கினார். கறுப்பினப் பெண்கள் நர்ஸ் பயிற்சி பெற அங்கேதான் இடம் கிடைத்தது. 1893-இல் கத்திக்குத்துப்பட்ட ஒருவரின் இதய உறையைத் தைத்துப் பிழைக்க வைத்தார். எட்வர்ட்ஸ் நிலவறையில் ரகசியமாகக் கிளினிக் நடத்துவது கற்பனையாக இருக்கலாம், அந்தத் திறமை கற்பனை இல்லை. ஏழாவது அத்தியாயத்தில் வரும் கலவரத்துக்கும் அடிப்படை உண்டு. 1900 ஆகஸ்டில் நியூயார்க்கில் கறுப்பின மக்களை வெள்ளையர் கூட்டம் தெருத் தெருவாகத் துரத்தி அடித்தது.

சமையல்காரி டைபாய்டு மேரியைப் பிடிப்பது வரலாறுதானே?

வரலாறுதான், வருடம் மட்டும் முன்னே தள்ளிவிட்டார்கள். மேரி மேலன் சமைத்த வீட்டில் டைபாய்டு வந்தது 1906 கோடையில், லாங் ஐலண்டின் ஆய்ஸ்டர் பே என்ற இடத்தில். வீட்டிலிருந்த 11 பேரில் 6 பேருக்கு. ஜார்ஜ் சோப்பர் துப்புத் துலக்கினார், 1907-இல் பிடித்து தீவில் அடைத்தார்கள். 1910-இல் இனிச் சமைக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்கள். 1915-இல் ஒரு பிரசவ மருத்துவமனைச் சமையலறையில் மறுபடி பிடிபட்டு, 1938-இல் சாகும்வரை தீவிலேயே இருந்தார்.

தொடர் அவரை வில்லியாகவே காட்டுகிறது. அதை நான் ஏற்க மாட்டேன். தனக்கு ஒரு நாளும் காய்ச்சல் வராதபோது "உன் உடம்பில் கிருமி இருக்கிறது" என்றால் எந்தப் பெண் நம்புவாள்? அயர்லாந்திலிருந்து வந்து, சமையல் ஒன்றையே பிழைப்பாக வைத்திருந்தவர். துணி துவைத்தால் அந்தச் சம்பளம் வராது. அவர் மறுபடி கரண்டி பிடித்தது தவறுதான், ஆனால் அவருடைய வயிற்றுப்பாட்டுக்கு யாரும் சரியான வழி சொல்லவில்லை.

அந்த மருத்துவமனை இப்போதும் இருக்கிறதா?

ஹார்லெமில் அதே பெயரில் ஒன்று இருந்து மூடப்பட்டது. தொடரில் வருவது அதன் கதை இல்லை. வெளித்தோற்றமாகக் காட்டுவது புரூக்ளினில் உள்ள ஒரு பழைய பள்ளிக் கட்டடம்.

நர்ஸிங் முதல் வருடம் படிக்கும் என் மகள் பார்க்கலாமா?

பார்க்கலாம், பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். ஆபாசமும் போதையும் வருகின்றன, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் முதல் அத்தியாயத்தைத் தவிர்த்துவிடுங்கள். தொடருக்கு மருத்துவ ஆலோசகராக இருந்தவர் டாக்டர் ஸ்டான்லி பர்ன்ஸ், பழைய மருத்துவப் புகைப்படங்களைச் சேர்த்து வைத்திருப்பவர். அதனால் கருவிகள், கட்டு போடும் விதம், நர்ஸ்கள் நிற்கும் இடம் எல்லாமே கவனிக்கத்தக்கவை. மகளிடம் ஒன்று சொல்லுங்கள்: ஒவ்வொரு ஆபரேஷனிலும் நர்ஸாக வரும் லூசி எல்கின்ஸின் கையைப் பார்க்கட்டும், எந்தக் கருவி எப்போது கேட்கப்படுகிறது என்று எழுதி வைக்கட்டும். சந்தேகம் வந்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.