வாசகர் கேள்வி பதில்: தாத்தா மெச்சும் 9 மி.மீ. பிஸ்டல்

கேள்வி: என் தந்தையார் தரைப்படையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரிகள் இடுப்பில் அணிந்திருந்த 9 மி.மீ. பிஸ்டலைப் பற்றி இன்றும் மதிப்போடு பேசுகிறார். அது நம் நாட்டுத் தயாரிப்பு என்பது அவர் கூற்று. பெல்ஜியத்துத் துப்பாக்கி என்று என் மகன் வாதிடுகிறான். யார் சொல்வது சரி? இத்தனை பழைய துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?
‍– வாசகர், கம்மவான்பேட்டை

பதில்: வீட்டுக்கு வீடு படைவீரர் என்று பெயர் பெற்ற ஊரில் இப்படியொரு வழக்கு எழுந்ததில் வியப்பில்லை. தாத்தாவும் பேரனும் சொல்வது இரண்டுமே சரி. நம் படையினர் வைத்திருந்தது மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட ‘பிஸ்டல் ஆட்டோ 9 எம்.எம். 1ஏ’. அதன் மூல வடிவமோ பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1935இல் முடித்துக் கொடுத்த ‘பிரவுனிங் ஹை பவர்’. இடையில் கனடாவுக்கும் ஒரு பங்கு உண்டு; அதைப் பிறகு சொல்கிறேன்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில், துப்பாக்கி செய்பவர் ஒருவரின் மகனாக 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரவுனிங்தான் ஹை பவரை வடிவமைக்கத் தொடங்கியவர். அதற்கு முன்பே அவர் புகழ்பெற்றது வேறொரு பிஸ்டலால். பிலிப்பைன்ஸில் மோரோ போராளிகளோடு மோதிய அமெரிக்கப் படையினர், தங்கள் 0.38 அங்குல ரிவால்வரின் தோட்டாவுக்குப் போதிய வலுவில்லை என்று குறை கூறியதன் விளைவாக, 0.45 அங்குலத் தோட்டாவைச் சுடும் தானியங்கி பிஸ்டல் ஒன்றை அந்நாட்டு இராணுவம் தேடியது. பிரவுனிங் வடிவமைத்து கோல்ட் நிறுவனம் செய்து கொடுத்த பிஸ்டல், ஆறாயிரம் தோட்டாக்கள் சுடப்பட்ட சோதனையில் பழுதின்றித் தேறி, 1911 மார்ச் 29 அன்று ஏற்கப்பட்டது. ‘எம் 1911’ என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி 1985 வரை அப்படையின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக நீடித்தது. இரண்டாம் உலகப் போரில் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்டும், நம் வீடுகளில் தையல் இயந்திரத்தால் அறிமுகமான சிங்கரும்கூட அதைத் தயாரித்தன. சிங்கர் செய்தது 500 மட்டுமே என்பதால், அவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே இன்று பெருவிலை.

வலுவான தோட்டா வெடிக்கும்போது குழலின் பின்வாய் உடனே திறந்துவிட்டால் வெடிவாயு சுடுபவரின் பக்கம் சீறும். எனவே குழலும், அதன்மேல் வழுக்கி நகரும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சிறிது தூரம் சேர்ந்தே பின்னோக்கிச் செல்லுமாறும், தோட்டா வெளியேறி அழுத்தம் தணிந்தபின் குழலின் பின்முனை மட்டும் கீழே சாய்ந்து பூட்டு விடுபடுமாறும் பிரவுனிங் அமைத்தார். விடுபட்ட ஸ்லைடு தனியே பின்சென்று வெற்றுறையை வெளியே தள்ளி, திரும்பும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் ஏற்றிவிடும். இன்று காவல் துறையினரின் இடுப்பில் காணும் கிளாக் பிஸ்டலிலும் குழல் இப்படித்தான் சாய்கிறது. உடல் பிளாஸ்டிக் ஆனது, விசையின் அமைப்பு மாறியது, தோட்டாக்களின் எண்ணிக்கை கூடியது. குழல் சாயும் இந்த ஏற்பாட்டை மட்டும் பெரும்பாலான வடிவமைப்பாளர்கள் கைவிடவில்லை. அந்தப் பழைய துப்பாக்கியின் மதிப்புக்கு முதற்காரணம் இதுவே என்பது என் கருத்து.

இனி ஹை பவரின் கதை. பிரெஞ்சுப் படை கேட்ட புதிய பிஸ்டலுக்காக எஃப்.என். நிறுவனம் பிரவுனிங்கை நாடியபோது, அவருடைய பழைய காப்புரிமைகள் கோல்ட் வசம் இருந்ததால், தாம் கண்டுபிடித்ததையே தாம் மீண்டும் பயன்படுத்த முடியாமல் அவர் மாற்றுவழி தேட வேண்டியிருந்தது. 1926இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் அவர் காலமானார். மீதிப் பணியை முடித்தவர் அந்நிறுவனத்தின் தியூதோனே சேவ். சரம் தொடுக்கும்போது பூக்களை எதிரும் புதிருமாக வைப்பதுபோல் தோட்டாக்களை இரு வரிசையாக அடுக்கும் மேகசின் (கைப்பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி) அவருடைய யோசனை. அதனால் எம் 1911இல் ஏழாக இருந்த தோட்டாக்கள் இதில் பதின்மூன்றாயின. கைப்பிடியோ கைக்கு அடங்கும் அளவிலேயே இருந்தது. கேட்ட பிரான்சு கடைசியில் வேறு பிஸ்டலை எடுத்துக்கொள்ள, பெல்ஜியம் இதை ஏற்றது.

1940இல் பெல்ஜியத்தைக் கைப்பற்றிய ஜெர்மானியர் அதே தொழிற்சாலையில் தங்கள் படைக்காக இதைச் செய்யவைத்தனர். கடல் கடந்து சென்ற வரைபடங்களைக் கொண்டு டொராண்டோவின் இங்லிஸ் நிறுவனம் நேச நாடுகளுக்காக இதைச் செய்தது. ஒரே பிஸ்டல் இரு தரப்பிலும் போரிட்டது. அந்தக் கனடிய வடிவத்தின் வழிவந்ததுதான் இஷாப்பூர் பிஸ்டல்.

குறைகளும் உண்டு. மேகசினைக் கழற்றினால் விசை இயங்காது என்பது பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட ஏற்பாடு. ஆனால் அதனால் விசை கனத்துப்போனது. பின்புறச் சுத்தி சிலருடைய கைத்தசையைக் கடித்துவிடும். உங்கள் தந்தையாரிடம் கேட்டுப் பாருங்கள், தழும்பு இருந்தாலும் இருக்கும். இத்தனைக்கும் பிரிட்டிஷ் படை 2013இல்தான் இதற்குப் பதிலாகக் கிளாக் 17ஐத் தேர்ந்தது.

கேள்வி: 1806இல் வேலூர்க் கோட்டையில் நடந்த புரட்சியின்போது இத்தகைய கைத்துப்பாக்கிகள் இருந்தனவா?
– வாசகர், சத்துவாச்சாரி

பதில்: கைத்துப்பாக்கி இருந்தது, இத்தகையது இல்லை. அக்காலத்துப் பிஸ்டலில் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறியால் வெடிமருந்து பற்றிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு முறை சுட்டால், மருந்தையும் குண்டையும் மீண்டும் குழலின் வாய்வழியே இடிக்க வேண்டும். ஆகவே புரட்சியை அடக்க ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியோடு விரைந்து வந்த குதிரைப்படைக்கு வாளே முதற்துணை. கல்லுக்குப் பதிலாக அடிபட்டதும் வெடிக்கும் மருந்தைப் பயன்படுத்தும் முறைக்கு, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றது அதற்கு அடுத்த ஆண்டு, 1807இல். தானியங்கி பிஸ்டல் பிறக்க 1880களில் வந்த புகையில்லா மருந்து தேவைப்பட்டது. அதற்கு முன்பிருந்த கரிமருந்தின் கசடு நுண்ணிய பாகங்களை விரைவில் அடைத்துவிடும்.

கேள்வி: தற்காப்புக்காக 9 மி.மீ. பிஸ்டலுக்கு உரிமம் கேட்கலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி 9 மி.மீ. தடை செய்யப்பட்ட அளவு. அதற்கான அதிகாரம் மத்திய உள்துறை அமைச்சகத்திடம் உள்ளது. பொதுமக்களுக்கு உரிமம் தரப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் 0.32 அங்குல அளவினவே.