நூறு வயதுக் கத்தியைச் சட்டம் தொடாதா?

கேள்வி: பழைய பொருள் விற்பவர் ஒருவரிடம் இரண்டு அலகுள்ள மடக்குக் கத்தி வாங்கினேன். அலகின் அடிப்பகுதியில் ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு, இங்கிலாந்து என்றும், ஒரு கிரீடத்தின் இரு பக்கமும் ஜி, ஆர் என்றும் பொறித்திருக்கிறது. கைப்பிடி ஆமை ஓடு என்றார். "நூறு வருடம் தாண்டியது, இங்கிலாந்துச் சட்டமே விலக்கு கொடுக்கிறது, தைரியமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அலகில் துருப்புள்ளிகள் உள்ளன. பாலிஷ் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? தினமும் எடுத்துப் போகலாமா?

பதில்: பாலிஷுக்குக் கொடுக்காதீர்கள். கைப்பிடி என்ன பொருள் என்று தெரியும்வரை பையிலும் வைக்காதீர்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நூறு வருடக் கதை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இதைப் பற்றித்தான். பிரிட்டனில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது எதற்கு? வாளை மறைத்து வைத்த கைத்தடி, விரல்களுக்கு இடையில் பிடித்துக் குத்தும் கத்தி போன்ற சில ஆயுதங்களை விற்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பொருள் நூறு வயதைத் தாண்டிய பழம்பொருளாக இருந்தால் விற்கலாம் என்பதுதான் விலக்கு. உங்களுடையதைப் போன்ற சாதாரண மடக்குக் கத்தி அந்தப் பட்டியலிலேயே இல்லை. அப்புறம் விலக்கு எங்கிருந்து வந்தது? பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது பற்றிய விதி வேறு. அது கத்தியின் வயதைக் கேட்பதே இல்லை. விற்பவருக்கு உதவும் ஒரு வரியை எடுத்து, வாங்குபவருக்குப் பாதுகாப்பு மாதிரி சொல்லிவிடுகிறார்கள். பிடிபட்டால் காவல் நிலையத்தில் நிற்கப்போவது நீங்கள்தான், அவர் அல்ல.

நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. அவர் இங்கிலாந்தைச் சொன்னதால் அதையே எடுத்துக்கொள்கிறேன். 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மேற்படாத மடக்குக் கத்தியைக் காரணம் சொல்லாமலே வைத்திருக்கலாம். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். நீளம் மட்டும் போதாது. கத்தி பூட்டக் கூடாது. திறந்த அலகு முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டும் நின்று, கையால் தள்ளினால் மடங்கிவிட வேண்டும். ஒரு பொத்தானை அமுக்கியோ, வளையத்தைத் திருப்பியோ, முதுகில் ஒரு நெம்பை அழுத்தியோதான் மடக்க முடியும் என்றால் அது பூட்டும் கத்தி. நீதிமன்றம் அதை மடக்குக் கத்தியாக ஏற்பதில்லை; அலகு ஒரு அங்குலமாக இருந்தாலும் ஏற்பதில்லை.

பிரான்சின் ஒப்பினெல் கத்தியை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். 1955-இல்தான் அதில் அலகைப் பூட்டும் வளையம் வந்தது. ஆறாம் எண் ஒப்பினெலின் அலகு 7 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். வளையம் வருவதற்கு முன் செய்ததைப் பையில் வைக்கலாம். பின் செய்ததைத் தகுந்த காரணம் இல்லாமல் வைக்க முடியாது. அதே மரப்பிடி, அதே நீளம், வெட்டும் திறனும் அதேதான். ஆனால் அந்தச் சிறு வளையம் இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் குற்றம் இல்லை. "நான் வளையத்தைத் திருப்புவதே இல்லை" என்று சொல்லியும் பயனில்லை. பூட்டக்கூடிய கத்தியா என்பதுதான் கேள்வி. உங்கள் ராட்ஜர்ஸை ஒருமுறை திறந்து மடக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் மட்டும்தான் என்றால் இந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஜப்பானிலோ அளவு வேறு. அங்கே பொதுவாக அலகு 6 சென்டிமீட்டரைத் தாண்டினாலே தகுந்த காரணம் வேண்டும். ஆகவே உங்கள் ஊர் விதியை அரசின் எழுத்திலேயே படியுங்கள், கடைக்காரர் வாயிலிருந்து வேண்டாம். விதியை எழுதும் அரசுகளுக்கும் ஒரு வார்த்தை: ஒரு சாதாரண மனிதன் தன் தாத்தாவின் பேனாக்கத்தி சட்டத்துக்கு உட்பட்டதா என்று தெரிந்துகொள்ள மூன்று சட்டங்களையும் ஒரு தீர்ப்பையும் புரட்ட வேண்டியிருக்கிறது. அரைப் பக்கத்தில், ஒரு படத்தோடு சொல்லிவிட முடியாதா? இந்தக் குழப்பம் இருக்கும்வரை "சட்டம் தொடாது" என்று சொல்லி விற்பவர்களின் வியாபாரம் நன்றாகவே நடக்கும்.

விமானத்தில் கைப்பையில் கத்தி வேண்டவே வேண்டாம். பாதுகாப்புச் சோதனையில் ஒரு பழைய எலும்புப்பிடிக் கத்தியை நானே இழந்திருக்கிறேன். வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு வருகிறேன் என்றேன், கேட்கவில்லை; எண்பது வருடம் பிழைத்திருந்த பொருள் குப்பைப் பெட்டிக்குள் போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் கொதிக்கிறது.

சரி, நூறு வயது என்பதாவது உண்மையா? அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த சுங்கச் சட்டம், இறக்குமதியாகும் பொருளில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று பொறிக்கக் கட்டாயப்படுத்தியது. அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல் இருந்தாலே பொதுவாக அதற்குப் பிந்தைய கத்தி. ஜி, ஆர் என்பது ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும். நாட்டுப் பெயரோடு சேர்ந்து வந்தால் அது ஐந்தாம் ஜார்ஜ் அல்லது ஆறாம் ஜார்ஜ். ஐந்தாமவர் 1910-இல் பட்டத்துக்கு வந்தார், ஆறாமவர் 1952-இல் இறந்தார். நூறு வயது இருக்கலாம், எழுபத்தைந்தும் இருக்கலாம். துருப்பிடிக்காத எஃகு என்று எங்காவது பொறித்திருந்தால் வயது இன்னும் குறையும். ஹாரி பிரியர்லி ஷெஃபீல்டில் அந்த எஃகை உருக்கியதே 1913-இல்தான்.

பொறிப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். உடைந்த இரண்டு மூன்று கத்திகளின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கி விற்பவர்கள் உண்டு. கைப்பிடி முனையில் உள்ள உலோகக் காப்பு தேய்ந்து வழுவழுப்பாக இருக்க, எழுத்து மட்டும் நேற்றுப் பொறித்ததைப் போலக் கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆணித் தலைகள் மட்டும் புதிதாக மின்னினால் யாரோ பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். மடக்கிய பின் அலகின் முனை வெளியே எட்டிப் பார்த்தாலும் அப்படித்தான். அல்லது அலகு தேயத் தேயச் சாணை பிடித்திருக்கிறார்கள்.

இப்போது கைப்பிடி. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஆமை ஓடு என்று விற்கப்படுவதில் நிறைய செல்லுலாய்டு, அதாவது பழைய காலத்துப் பிளாஸ்டிக், இருக்கிறது. 1870-இல் அமெரிக்காவில் ஹயாட் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற பொருள் அது. நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் கலந்து செய்வது. ஆமை ஓடு, முத்துச்சிப்பி, மான்கொம்பு என்று எதைப் போலவும் அதைச் செய்ய முடிந்தது. வயதாகும்போது அது தானாகச் சிதையத் தொடங்கும். அப்போது வெளிவரும் ஆவி காற்றின் ஈரத்தோடு சேர்ந்து நைட்ரிக் அமிலமாகி, பக்கத்தில் இருக்கும் இரும்பைத் தின்னும். உங்கள் அலகில் உள்ள துருப்புள்ளிகள், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியில்தான் அதிகமா என்று பாருங்கள். ஆம் என்றால் ஈரத்தைக் குறை சொல்வதற்கு முன் கைப்பிடியைச் சந்தேகியுங்கள். துணியால் பிடியை நன்றாகத் தேய்த்து உடனே மோந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டுதான்.

சில தரகர்கள் ஊசியைப் பழுக்கக் காய்ச்சி வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். செல்லுலாய்டு சட்டென்று தீப்பிடிக்கும். பாலிஷ் சக்கரத்தின் சூட்டிலும் அதே ஆபத்து உண்டு. அதோடு, பதப்படுத்திய கார்பன் எஃகின் மெல்லிய விளிம்பு சக்கரத்தில் சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று; பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. பொறித்த எழுத்தும் மழுங்கிவிடும். 'புதிது மாதிரி ஆக்கித் தருகிறேன்' என்பவரிடமிருந்து பழைய கத்தி திரும்பி வருவதில்லை, பளபளக்கும் ஒரு தகடுதான் வரும்.

பிடி உண்மையான ஆமை ஓடாகவே இருந்தாலும் ஒன்று நினைவிருக்கட்டும். அது பாதுகாக்கப்பட்ட கடலாமையின் ஓடு என்பதால், அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் சுங்கத்தில் பறிமுதல் ஆகலாம்.

துருவை நீங்களே எடுக்கலாம். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஊறவிட்டு, செம்பு நாணயத்தின் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள். செம்பு எஃகைவிட மென்மையானது, கீறாது. சிவப்புத் துரு மட்டும் போனால் போதும். நீலமும் சாம்பலுமாகப் படிந்திருக்கும் நிறத்தைத் தொடாதீர்கள். அது புதுத் துருவை ஓரளவு தடுக்கும், கத்தியின் வயதுக்குச் சாட்சியும் அதுதான். எழுத்துப் பக்கம் கையே வைக்க வேண்டாம். அலகு சுழலும் ஆணியிலும் ஒரு சொட்டு விட்டு நாலைந்து முறை திறந்து மடக்குங்கள். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும், வேண்டாம்.

செல்லுலாய்டு என்று தெரிந்தால் அதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். ஒன்றின் ஆவி எல்லாவற்றையும் கெடுக்கும். காற்றுப் புகாத டப்பாவோ தோல் உறையோ கூடாது. பிடியில் வெடிப்பு, பிசுபிசுப்பு, நெடி மூன்றும் இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில், வெயில் படாமல் தனியாக வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பையில் வைத்துப் புழங்க எலும்பிலோ மரத்திலோ பிடி போட்ட, பூட்டாத, சிறிய கத்தி ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள்.