யாழ்ப்பாணத்தில் நீங்கள் வியந்து மதிக்கும் மனிதர் யார், ஏன்?

ஆறுமுக நாவலர் என்று சொல்வேனென எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்கு மானிப்பாயில் இருந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன்தான். 1847இல் அமெரிக்காவிலிருந்து மிஷன் வைத்தியராக வந்தவர். மதம் பரப்ப வந்த ஆள்தானே என்பார்கள், அதுவும் உண்மைதான். ஆனால் ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழாக்கி, எங்கட பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். ஒவ்வொரு எலும்புக்கும் நரம்புக்கும் ஒரு தமிழ்ச் சொல் தேடியிருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

போன மாதம் அம்மம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் தந்த துண்டு முழுக்க ஆங்கிலம். “என்ன மோனை எழுதிக் கிடக்கு?” என்று கேட்டா. “பிரஷராம்” என்று மழுப்பினேன்.

“அப்ப மற்ற நாலு வரியும்?”

எனக்கும் விளங்கவில்லை. கிறீன் நினைவுக்கு வந்தது அப்போதுதான்.