புது ரயர்: கொம்பனியா, வெளிக்கடையா? கேள்வி பதில்

வணக்கம். கிளிநொச்சியில் வீல் அலைன்மென்ற், பலன்சிங் செய்கிறேன். அதற்கு முன் ஒரு வாகனக் கொம்பனியின் கராஜில் ஒன்பது வருடம் ரயர் பூட்டினேன். நான் ரயர் விற்பதில்லை, ஆகவே எந்தப் பக்கமும் சாயவேண்டிய தேவை எனக்கில்லை. மாரிக்கு முன் ரயர் மாற்ற யோசிப்பவர்கள் கேளுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு, ஆசிரியை): அண்ணா, என்னிடம் வாகன்ஆர் இருக்கிறது. நாலு ரயரும் மாற்றவேண்டும். கொம்பனியில் விலை கூட, ஆனால் அதுதான் ஒறிஜினல் என்கிறார்கள். வெளிக்கடையில் ஏமாற்றிவிடுவார்களோ?

பதில்: தங்கச்சி, வாகனக் கொம்பனி ரயர் செய்வதில்லை. ரயர் செய்கிறவர்களிடமோ இறக்குமதி செய்கிறவர்களிடமோ வாங்கித்தான் அவர்களும் பூட்டுகிறார்கள். அதே ரயர் வெளிக்கடையிலும் கிடைக்கும். கொம்பனியில் நீங்கள் கூடக் கொடுக்கும் காசு வேலைக்கும் இடத்துக்கும்தான். அந்த வேலையில் ஒரு நல்ல விஷயம் உண்டு: நட்டை அளவு பார்த்து இறுக்குகிற சாவி வைத்திருப்பார்கள். வெளியில் பல கடைகளில் காற்றுத் துவக்கால் கண்டபடி இறுக்கிவிடுவார்கள். பிறகு வழியில் காற்றுப் போனால் உங்களால் அந்த நட்டைக் கழற்றவே முடியாது.

உங்கள் வாகனத்துக்குப் பெரும்பாலும் 155/65R14 75S வரும். இப்போதுள்ள ரயரிலும் கதவோரத்து ஸ்ரிக்கரிலும் பார்த்து உறுதிப்படுத்துங்கள். 155 என்பது மில்லிமீற்றரில் அகலம், 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை வீதம் ரயரின் பக்கச்சுவர் உயரம் என்பது, 14 றிம்மின் அங்குலம். 75 என்பது சுமை எண், அப்படியென்றால் ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். எந்தக் கடையானாலும் இந்த 75க்குக் கீழே இறங்கவேண்டாம்.

அடுத்தது, நான் எல்லோருக்கும் சொல்வது: திகதி. ரயரின் பக்கத்தில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசியில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம் செய்தது. பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் அந்த வரி முழுதாக இருக்கும், புரட்டிப் பாருங்கள். ஓடாமல் ராக்கையில் கிடந்தாலும் ரப்பர் காய்ந்து இறுகும். இரண்டு வருடத்துக்கு மேற்பட்டதைப் புது விலைக்கு நான் வாங்கமாட்டேன். கண்ணாடிக் கதவு போட்ட கொம்பனியிலும் பழைய ரயர் கிடக்கும், தகரக் கொட்டிலிலும் போன மாதத்து ரயர் கிடைக்கும்.

இன்னொன்று தூரம். பரந்தன் - முல்லைத்தீவு வீதியே 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. யாழ்ப்பாணத்தில் பூட்டி, ஊருக்கு வந்தபின் பலன்சிங் சரியில்லாமல் 80 வேகத்தில் ஸ்ரியரிங் நடுங்கினால் திரும்பப் போவீர்களா? போகமாட்டீர்கள், நடுக்கத்தோடே ஓடுவீர்கள். கிட்ட இருக்கிற, பலன்சிங் மெசின் வைத்திருக்கிற கடை உங்களுக்கு நல்லது. பூட்டுக்கூலி, பலன்சிங், புது வால்வு எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று இரண்டு இடத்திலும் கேட்டு ஒப்பிடுங்கள்.

கேள்வி (மல்லாவி): அண்ணை, ஓட்டோவுக்கும் கொம்பனிக்குப் போகவேணுமோ?

பதில்: தேவையில்லை தம்பி. ஓட்டோவின் ரயர் அளவு 4.00-8, அது எங்கும் கிடைக்கும். புது ரயருக்குள் பழைய ரியூப் போடவேண்டாம். திகதி பாருங்கள்.

கேள்வி (வவுனியா): 2025இல் புது வாகனம் எடுத்தோம். வெளியில் ரயர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

பதில்: பொதுவாக ரயருக்கு வாரண்டி கொடுப்பது ரயர் செய்த கொம்பனி, வாகனக் கொம்பனி அல்ல. அதே அளவு, அதே சுமை எண் போட்டு, பில்லை வைத்திருங்கள். வாரண்டிப் புத்தகத்தையும் ஒருமுறை வாசியுங்கள். ஆனால் உங்கள் சில்லுக்குள் காற்றழுத்தம் காட்டும் சென்சர் இருந்தால், கழற்றமுன்னரே கடைக்காரரிடம் சொல்லவேண்டும். கம்பியால் நெம்பும்போது அது உடைந்துவிடக்கூடும். அந்த வேலை பழக்கமில்லாத கடையென்றால், இந்த இடத்தில் நான் கொம்பனிக்குத்தான் போகச் சொல்வேன்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): எந்தப் பிராண்ட் நல்லது?

பதில்: சியற், டிஎஸ்ஐ இரண்டும் இலங்கையிலேயே செய்கிறார்கள், கிடைப்பதும் சுலபம். அளவும் திகதியும் சரியென்றால் பிராண்டுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

கேள்வி (மாங்குளம், ஹையேஸ் சாரதி): காசு இரண்டு ரயருக்குத்தான் இருக்கு. கடையில முன்னுக்குப் போட்டுத் தந்தாங்கள். சரிதானே?

பதில்: இல்லை அண்ணை. இரண்டு மட்டும் புதிதென்றால் பின்னுக்குப் போடுங்கள்.

அதே சாரதி: இருபது வருசமா ஓடுறன். ஸ்ரியரிங் முன்னுக்கு, பிறேக் கூடப் பிடிக்கிறதும் முன்னுக்கு. நல்லது முன்னுக்குத்தான். கொம்பனிக்காரர் புத்தகத்தைப் பாத்துச் சொல்லுறது ரோட்டுக்குச் சரிவராது.

பதில்: கொம்பனியில் எனக்கும் இப்படித்தான் சொல்லித்தந்தார்கள், உண்மை. ஆனால் நான் அதைப் புத்தகத்துக்காகச் சொல்லவில்லை. ரயரின் தவாளிப்புத்தான் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. புதிதில் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். 1.6க்கு வந்தால் ரயர் முடிந்தது. தேய்ந்தது முன்னுக்கு இருந்து தண்ணீரில் வழுக்கினால் வாகனம் நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் பிடி திரும்ப வரும். தேய்ந்தது பின்னுக்கு இருந்தால் பின்பக்கம் விலகி வாகனம் சுற்றும். அதைத் திருப்பிப் பிடிக்க நேரமே கிடைக்காது.

போன மாரியில் ஒரு கார் என்னிடம் வந்தது. முன் ரயர் இரண்டிலும் புது ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. பின் ரயர் இரண்டும் உள்ளங்கைபோல மொட்டை. கனகராயன்குளம் பக்கம் மழை, இரவு, வீதியில் மாடு. இலேசாகத்தான் பிறேக் பிடித்தாராம். கார் வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கம் மதகில் அடித்திருந்தது. பின் சீற்றில் பிள்ளைகள் இரண்டுபேர். கடவுள் புண்ணியம், காயமில்லை.

இன்னொருவர் (பஸ் சாரதி): பஸ்ஸுக்கு நாங்கள் நல்லதை முன்னுக்குத்தான் போடுறம். பழசுக்குப் புது ரப்பர் ஒட்டின ரீபில்ட் பின்னுக்கு.

பதில்: பஸ்ஸுக்கு நீங்கள் செய்வது சரி. பின்னுக்கு இரட்டைச் சில்லு, ஒன்று போனாலும் மற்றது தாங்கும். முன்னுக்கு ஒற்றை, அங்கே ரீபில்ட் போடவே கூடாது. நான் சொன்னது நாலு சில்லு வாகனத்துக்கு.

ஹையேஸ் சாரதி: அப்ப முன் ரயர் வெடிச்சா?

பதில்: வெடிக்கும் என்று பயப்படும் அளவுக்குக் கெட்ட ரயரை எந்தப் பக்கத்திலும் வைக்கக்கூடாது அண்ணை. உங்கள் ரயரில் 107/105 என்று இருக்கும். ஒற்றையாகப் பூட்டினால் முதல் எண் 107தான் கணக்கு, ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். அது சரியான காற்று இருந்தால்தான். காற்றுக் குறைந்து, ஆட்களும் ஏறி, வன்னி வெயிலில் ஓடினால் ரயர் உள்ளுக்குள் வெந்துதான் வெடிக்கும். முறிகண்டியில் தேங்காய் உடைக்க இறங்கும்போது நாலு ரயரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கூடச் சுட்டால் அதில் காற்றுக் குறைவு அல்லது அந்தப் பக்க பிறேக் பிடித்தபடி இருக்கிறது.

கேள்வி (துணுக்காய்): கொம்பனியா வெளிக்கடையா, ஒரு சொல்லில் சொல்லுங்கோ.

பதில்: முதல் பதிலை வாசியுங்கள். திகதி.

கேள்வி (ஒட்டுசுட்டான்): உழவு இயந்திரத்துப் பெரிய ரயர்?

பதில்: என் வேலை அதில்லை. வயலில் ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி (பூநகரி): யாழ்ப்பாணத்தில் பூட்டிக்கொண்டு வந்தேன். இனி ஏதும் செய்யவேண்டுமா?

பதில்: இதை ஒருவரும் கேட்கவில்லையே என்று இருந்தேன். 50, 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளைத் திரும்ப இறுக்கிப் பார்க்கவேண்டும், கொம்பனியில் பூட்டினாலும்தான். சில்லு ஹப்பில் (நட்டுப் பூட்டும் தட்டில்) நன்றாக அமர்ந்ததும் நட்டுத் தளரலாம். இன்றைக்கே செய்யுங்கள்.

ஹையேஸ் சாரதி: சரி, நாளைக்குக் கொண்டுவாறன். முன்னுக்கும் பின்னுக்கும் மாத்தி விடுங்கோ.

பதில்: காலமை ஏழரைக்கு வாருங்கள் அண்ணை. ரயர் சூடேறமுன் காற்றும் பார்த்துவிடலாம். வரும்போது நாலு ரயரின் திகதியையும் எழுதிக்கொண்டு வாருங்கள்.